ஜூன் மாதத்தில் பிறந்த ஊர்



கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

மே கடைசியிலும் ஜூன் முதல் வாரத்திலும் என் முகநூல் பக்கம் மாரியம்மன் நோம்பி மாதிரி ஆகிவிடுகிறது. தினமும் முப்பது, நாற்பது பேருக்குப் பிறந்தநாள். ஐம்பது வயது தாண்டிய என் மாணவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு மாதத்துக்குள் பிறந்தவர்கள்! ஐப்பசியிலும் மார்கழியிலும் கொங்கு நாட்டில் குழந்தையே பிறக்கவில்லை போலிருக்கிறது.

போன மாதம் தாராபுரம் பக்கத்துச் சொந்தக்காரப் பையன் ஒருவன் போன் செய்தான். அவன் அப்பாவுக்குப் பட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் மூன்றாவது பெயர். பிறந்த வருஷமும் இரண்டு விதம். "இதெல்லாம் எப்படிங்க மாமா இப்படி ஆச்சு?" என்று கேட்டான். எப்படித் திருத்துவது என்று கேட்டிருந்தால் இ-சேவை மையத்துப் பையனே சொல்லிவிடுவான். எப்படி ஆச்சு என்று கேட்டதால் எனக்கு வேலை வந்துவிட்டது.

முதலில் பிறப்புப் பதிவேடு. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899-லேயே தனிச் சட்டம் உண்டு. கிராமத்தில் அந்த நோட்டு மணியகாரர் கையில். வீட்டிலேயே பிரசவம், மருத்துவச்சி வந்து பார்த்தாள், பத்து நாள் கழித்து அப்பாரு டீக்கடையில் மணியகாரரைப் பார்க்கும்போது "நம்ம மருமகளுக்குப் பையன் பொறந்திருக்கிறானுங்க" என்பார். அவர் நினைவு வைத்து எழுதினால் உண்டு. எழுதினாலும் அப்பா பெயர், ஆணா பெண்ணா, தேதி, அவ்வளவுதான். குழந்தையின் பெயர் இருக்காது. குலதெய்வம் கோயிலில் மொட்டை அடித்துப் பெயர் வைக்கிற வரை குழந்தைக்குப் பெயரே கிடையாதே, எங்கிருந்து எழுதுவது? பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழ்களோடு இன்றைக்கும் ஆட்கள் நகராட்சி வாசலில் நிற்பதற்கு இதுதான் காரணம். அதற்காக அரசு காலக்கெடுவைப் பல முறை நீட்டிக்க வேண்டியிருந்தது. பெண் குழந்தை என்றால் மணியகாரரிடம் சொல்லாமலே விட்ட வீடுகள் நிறைய. வயதான அம்மிச்சிகளுக்கு எந்தச் சான்றும் கிடைக்காததன் காரணம் அந்த டீக்கடையில் இருக்கிறது.

அடுத்தது பள்ளிக்கூடம். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

1954-ல் காமராஜர் முதலமைச்சர் ஆனார். நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநர். ஊர் ஊராகப் பள்ளி திறந்தார்கள், 1956-ல் மதிய உணவு வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை வாத்தியார்கள் சாளைக்குச் சாளை போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வந்த பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டதா? வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து. "எப்பப் பொறந்தான்?" என்று தாயிடம் கேட்டால், "கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி விட்டாங்களே, அதுக்கு அடுத்த வருசம், சோளத்தட்டு அறுக்கறப்ப" என்று பதில் வரும். அந்த அம்மாவுக்கு அது துல்லியமான தேதி. சேர்க்கைப் பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. பள்ளி திறப்பது ஜூனில். அன்றைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். தலைமையாசிரியர் பின்னோக்கி ஐந்து வருஷம் கழித்து மே என்றோ ஜூன் என்றோ ஒரு தேதியைப் போட்டார். ஊர் முழுக்க ஜூனில் பிறந்தது இப்படித்தான்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தேதி இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தால் அந்தப் பிள்ளை மறுபடி ஆட்டுக்குப் பின்னால் போயிருக்கும். ஆனால் அந்தத் தேதி பிற்பாடு என்னவெல்லாம் ஆனது என்று பாருங்கள். சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து டி.சி., டி.சி.யிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், அதிலிருந்து வேலைவாய்ப்பு அலுவலகம், அதிலிருந்து பணிப்பதிவேடு, பாஸ்போர்ட், ஓய்வூதியம். ஒவ்வொரு அலுவலகமும் முந்தைய அலுவலகத்தின் தாளைப் பார்த்துத்தான் எழுதியது. யாரும் அந்தச் சோளத்தட்டு அறுப்பைத் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளம் என்று இரண்டு மச்சம் எழுதுவோமே, அது ஒன்றுதான் பிள்ளையை நேரில் பார்த்து எழுதியது.

கோவைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மில். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்ததிலிருந்து இந்த ஊரில் பஞ்சாலைச் சங்குதான் கடிகாரம். 1948 தொழிற்சாலைச் சட்டப்படி 14 வயதுக்குக் கீழ் வேலைக்கு எடுக்கக் கூடாது. 18 வரை டாக்டர் சான்று வேண்டும், வேலை நேரத்திலும் கட்டுப்பாடு. ஆகவே வீட்டுக் கஷ்டத்தில் மில்லுக்குப் போன பையன்கள் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வயது, மில்லில் இன்னொரு வயது.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவர் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், இதைப் படிப்பார். பள்ளிக் கணக்கில் 1961. 1976-ல் அப்பா தவறிப்போக, 15 வயதில் மில் கேட்டுக்குப் போனார். 18 என்று சொன்னார், 1958 என்று எழுதிக்கொண்டார்கள். நாற்பது வருஷம் மூன்று ஷிப்டும் பார்த்தார். 2016-ல் 58 ஆகிவிட்டது என்று மாலை போட்டு அனுப்பினார்கள். உண்மையில் அவருக்கு 55. சரி, பென்ஷனாவது வரும் என்று மனு போட்டால், ஆதாரில் 1961 இருக்கிறது, பி.எஃப்.பில் 1958 இருக்கிறது, பொருந்தவில்லை என்று மூன்று முறை திரும்பி வந்தது. 1961-தான் உண்மை என்று நிரூபிக்க டி.சி. இருந்தது. ஆனால் அதைக் காட்டித் திருத்தினால் இன்னும் 58 ஆகவில்லை, முழுப் பென்ஷன் கிடையாது. 58-க்கு முன்னால் வாங்கினால் வருஷத்துக்கு 4 சதவீதம் வெட்டு, அதுவும் ஆயுள் முழுக்க. வேலை பொய் வயதில் போய்விட்டது, பென்ஷனை உண்மை வயதில் கணக்குப் போடுகிறார்கள். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தாள். வெட்டுப் பென்ஷனுக்கே கையெழுத்துப் போட்டார். "பதினஞ்சு வயசுல சொன்ன ஒரு வார்த்தைங்க சார்" என்றார் என்னிடம். அந்த 15 வயதில் அவருக்கு வேறு என்ன வார்த்தை இருந்தது என்று நான் திருப்பிக் கேட்டேன்.

பெரிய மனிதர்களுக்கும் இதே கதைதான். நம் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே. சிங் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிச் சான்றிதழில் 10 மே 1951. தேசிய பாதுகாப்பு அகாடமிக்கு விண்ணப்பித்த படிவத்தில் 1950. ராணுவத்துக்குள்ளேயே ஒரு பிரிவு 1951 என்றும் இன்னொரு பிரிவு 1950 என்றும் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு வைத்திருந்தது. தளபதியே அரசுக்கு எதிராக உச்சநீதிமன்றம் போனார். 2012 பிப்ரவரி 10-ஆம் தேதி நீதிமன்றம் அவருடைய நேர்மையில் சந்தேகமில்லை, ஆனால் 1950-ஐ ஒப்புக்கொண்டு பதவி உயர்வுகளை வாங்கிய பிறகு இப்போது மாற்ற முடியாது என்ற போக்கில் பேச, மனுவைத் திரும்பப் பெற்றார். அந்த மே மாதமே ஓய்வு. நாட்டின் படைக்கே தலைவர் ஒரு குமாஸ்தா எழுதிய எண்ணிடம் தோற்றார்.

இதற்குப் பின்னால் ஒரு சட்டக் கொள்கை இருக்கிறது. மத்திய அரசு 1979-ல் ஒரு விதி கொண்டுவந்தது: பணியில் சேர்ந்து ஐந்து வருஷத்துக்குள் கேட்டால்தான் பிறந்த தேதியைத் திருத்தலாம். தமிழ்நாட்டுப் பணி விதிகளிலும் அதே ஐந்து வருஷம். 1993-ல் ஹர்னாம் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஓய்வு பெறப்போகிற கடைசி வருஷத்தில் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு இடம் கொடுத்தால், கீழே பதவி உயர்வுக்குக் காத்திருப்பவன் கதி என்ன என்பது கேள்வி. நியாயமான கேள்விதான். என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே ஓய்வு நெருங்கும்போது திடீரென்று இளமை திரும்பியவர்கள் உண்டு! ஜாதகம் மிகவும் பலவீனமான சாட்சி என்றும் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிறகு சான்றிதழில் தேதியை மாற்ற வேண்டுமானால் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கித்தான் வர வேண்டும். ஆகவே பேரன் பேத்திகள் பத்தாம் வகுப்பு எழுதுவதற்கு முன்னால் பள்ளியில் பெயர்ப்பட்டியலைக் காட்டிக் கையெழுத்துக் கேட்பார்களே, அப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படியுங்கள் கண்ணுகளா.

இனி பெயர். கொங்கு நாட்டில் பேரனுக்கு அப்பாருவின் பெயரை வைக்கிறோம். ராமசாமி மகன் பழனிசாமி, பழனிசாமி மகன் ராமசாமி, மறுபடி ராமசாமி மகன் பழனிசாமி. நூறு வருஷத்துப் பட்டாக்களைப் பரப்பிப் பார்த்தால் இரண்டே பேர்தான் மாறி மாறி நிலத்தை ஆண்டது போலத் தெரியும். தாத்தா காலத்துப் பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டியிருக்கும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நம் ஈரோட்டுப் பெரியார் தாமே 'நாயக்கர்' என்பதை விட்டார். அதன்பின் மெல்ல மெல்லப் பட்டம் உதிர்ந்தது, நல்லதுதான். ஆனால் பத்திரத்தில் பட்டத்தோடும் வாக்காளர் அட்டையில் பட்டம் இல்லாமலும் இருக்கிற ஒரே ஆள், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் உறுதிமொழி எழுத வேண்டியதாயிற்று. பாஸ்போர்ட் வந்தபோது குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டது. நம்மிடம் இருந்தது இனிஷியல். அப்பா பெயரையே பிள்ளையின் குடும்பப் பெயராகப் போட்டு, அமெரிக்காவில் இருக்கிற என் மாணவனை அங்கே எல்லோரும் அவன் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "அப்பாவே பக்கத்துல இருக்கற மாதிரி இருக்குதுங்க சார்" என்கிறான்.

பெயர் திருத்தம் கேட்டது தனி மனிதர்கள் மட்டுமா? இந்த மாநிலமே கேட்டது. சங்கரலிங்கனார் 'தமிழ்நாடு' என்ற பெயரும் கேட்டு 76 நாள் உண்ணாவிரதம் இருந்து 1956 அக்டோபரில் உயிர் விட்டார். 1967 ஜூலையில் அண்ணா சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றினார், 1969 பொங்கலுக்குத்தான் நடைமுறைக்கு வந்தது. 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் அரசாணை வெளியானது. கோயம்புத்தூரும் அதில் இருந்தது. எழுத்துகள் நீண்டுகொண்டே போனதில் ஊரே சிரித்தது. ஒரு வாரம் போல ஆனதும் திரும்பப் பெற்றார்கள். எழுபது வயதுக்காரர் ஓர் எழுத்தைத் திருத்த எத்தனை மாதம் அலைகிறார் என்பதை நினைத்தால், அந்த ஒரு வாரம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

மாவட்டமும் நகர்ந்துகொண்டே இருந்தது. கொள்ளேகால் 1956 வரை கோவை மாவட்டம், பிறகு மைசூர் மாநிலம். கோபிக்காரர் 1979 வரை கோவை மாவட்டத்துக்காரர், பிறகு பெரியார் மாவட்டம், பிறகு ஈரோடு. தாராபுரம் கோவையிலிருந்து பெரியார் மாவட்டத்துக்குப் போய் 2009-ல் திருப்பூருக்கு வந்தது. ஆள் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்.

பட்டா விஷயத்துக்கு வருகிறேன், மாப்பிள்ளை கேட்டதே அதைத்தான்.

நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்தது. யு.டி.ஆர். என்றால்தான் நம்மவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்து செட்டில்மெண்ட் பதிவேட்டில் செத்துப்போன முப்பாட்டன் பெயரே இருந்தது. இப்போது அனுபவத்தில் இருப்பவர் பெயருக்கு மாற்ற வேண்டும், ஏக்கரை ஹெக்டேர் ஆக்க வேண்டும். நோக்கம் மிக நல்லது. ஆனால் திட்டம் பாதியில் இருக்கும்போது, 1980 நவம்பர் 14-ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பரம்பரை மணியகாரர், கர்ணம் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள். வழக்குப் போட்டார்கள், 1982-ல் உச்சநீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. தேர்வாணையம் வழியாகக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பரம்பரை அதிகாரம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்த மணியகாரர்கள் திண்ணைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர்கள் யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த வயல் எந்தப் பங்காளியுடையது, இரண்டு பழனிசாமியில் எவர் கிழக்குத் தோட்டத்துக்காரர் என்ற விவரம் அவர்கள் தலைக்குள்தான் இருந்தது. அதை எழுதி வாங்க யாருக்கும் நேரமில்லை. புதிதாக வந்தவர் வெளியூர்க்காரர். கேட்டதை எழுதினார். அண்ணன் வந்து சொன்னால் அண்ணன் பெயர் மட்டும் ஏறியது. கல்யாணமாகிப் போன அக்கா தங்கை பெயர் ஏறவே இல்லை. தகப்பன் பெயர் இடம் மாறியது. பிறகு அதையே கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். இன்றைக்கு 'யு.டி.ஆர். பிழை' என்பது தாலுகா ஆபீஸில் ஒரு வியாதியின் பெயர் மாதிரி. வெறும் எழுத்துப் பிழை என்றால் தாலுகாவிலேயே சரி செய்வார்கள், அதைத் தாண்டினால் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று மேலே போகும், உரிமையே தகராறு என்றால் சிவில் கோர்ட்.

நிலப் பதிவேடு ஒருவரை என்ன செய்யும் என்பதற்கு உத்தரப்பிரதேசத்து லால் பிஹாரியைச் சொல்ல வேண்டும். ஆஸம்கர் மாவட்டத்துக்காரர். வங்கிக் கடனுக்குச் சான்று கேட்கப் போன இடத்தில்தான், 1970-களின் நடுவிலேயே தான் இறந்துவிட்டதாகப் பதிவாகியிருப்பது தெரிந்தது. சொந்தக்காரர்கள் நிலத்துக்காகச் செய்த வேலை. உயிரோடிருக்கிறேன் என்று நிரூபிக்கத் தேர்தலில் நின்றார், தன் பெயரோடு 'இறந்தவர்' என்ற பொருள் தரும் 'மிருதக்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார், தன்னைப் போன்றவர்களுக்குச் சங்கம் தொடங்கினார். 1994-ல்தான் பதிவேட்டில் உயிர் பெற்றார்.

நம் பக்கத்திலேயே இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலை, சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர் மலை. அங்கே வாழும் மலையாளி இன மக்கள் கேட்பதும் ஒரு திருத்தம்தான். பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள் என்று இருக்கிறது. கோவை மாவட்டம் இல்லை, ஆகவே அதிலிருந்து பிரிந்த ஈரோடும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் சேலம் மாவட்டத்தில் இருக்கிற பங்காளி பழங்குடி. இந்தப் பக்கம் இருக்கிறவர் பழங்குடி இல்லை. இதைத் தாசில்தாரோ கலெக்டரோ கோர்ட்டோ திருத்த முடியாது. அரசியல் சட்டம் 342-ன் கீழ் நாடாளுமன்றம் மட்டுமே முடியும். மேல்படிப்பு என்று வரும்போது சாதிச் சான்றிதழ் இல்லாமல் மலையிறங்கி வந்து திரும்பிப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓர் அடைப்புக்குறிக்குள் ஒரு மாவட்டப் பெயர், அவ்வளவுதான் கேட்கிறார்கள். பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள்.

ஆதார் 2010-ல் வந்தபோது எல்லாம் ஒரே அட்டையில் சரியாகிவிடும் என்று நானும் மகிழ்ந்தேன். பெயரை வாழ்நாளில் இரண்டு தடவை, பிறந்த தேதியை ஒரே தடவை திருத்தலாம் என்பது அதன் விதி. 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம், வயதுக்கு ஆதார் சான்றாகாது, பள்ளி மாற்றுச் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னது. சுற்றிச் சுற்றி மறுபடி காதைத் தொட்ட இடத்துக்கே வந்துவிட்டோம்!

2025-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வந்த ஒரு வழக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 74 வயது மூதாட்டி. கணவர் ராணுவத்தில் இருந்தவர், காலமானார். குடும்ப ஓய்வூதியம் கேட்டபோது ஆதாரில் பெயரும் பிறந்த தேதியும் பொருந்தவில்லை. உள்ளூரில் திருத்த முடியவில்லை. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், விவரங்களைத் திருத்திக்கொள்வது ஆதார் அட்டைதாரரின் அடிப்படை உரிமை என்றார். அரசின் பலன்கள் ஆதார் வழியாகத்தான் வரும் என்றால், அதைச் சரியாக வைத்துக்கொள்ளும் வசதியைச் செய்து தருவதும் அரசின் வேலைதானே. வயதானவர்களை மதுரை வரை அலைய விடக் கூடாது என்ற கோணத்திலும் அந்தத் தீர்ப்பு பேசியது. அமெரிக்காவில் 1974-லேயே அரசிடம் உள்ள தன் விவரத்தைத் திருத்தக் கேட்கும் உரிமை சட்டமாக இருந்தது. நம் நாட்டில் 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சட்ட வரி வேறொன்று. 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 15-ஆம் பிரிவு. பதிவு பிழையானது என்று பதிவாளருக்குத் திருப்தி ஏற்பட்டால் அவர் திருத்தலாம். ஆனால் மூலப் பதிவில் கை வைக்கக் கூடாது. அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. ஓரத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். பிழையும் இருக்கும், திருத்தமும் பக்கத்தில் இருக்கும். நாற்பது வருஷம் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதிய எனக்கு இது ரொம்ப நெருக்கமான முறை.

மாப்பிள்ளைக்கு: யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டு நகலையும் அ-பதிவேட்டு நகலையும் முதலில் மனுப் போட்டு வாங்கு. மூலப் பத்திரமும் உங்கள் அப்பாருவின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேர்த்து வை. மனு கொடுத்தால் கையில் ரசீது இல்லாமல் வெளியே வராதே. வருகிற ஜமாபந்தியில் கோட்டாட்சியரோ கலெக்டரோ உங்கள் தாலுகாவில் உட்காருவார், அங்கேயும் ஒரு மனு கொடு. பிறந்த வருஷம் விஷயத்துக்கு அப்பாவின் டி.சி. போதும், அவர் படித்த பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேடு பத்திரமாக இருக்கிறதாம், நான் விசாரித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை வா, நானும் கூட வருகிறேன்.